ஒன்பது நிமிடம் செத்துக் கிடப்பவன்

எங்கள் மாலை நாடக வகுப்பில் எல்லோருக்கும் ஒரு வேடம் உண்டு. எனக்கு மட்டும் ஒரு நோட்டு. முன்வரிசையில் உட்கார்ந்து, யார் எங்கே நிற்கிறார்கள், எந்தக் காட்சி எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும். அதனால் என் பெயரே 'நோட்டு' என்று ஆகிவிட்டது.

நாடகம் மிகப் பழையது. ஆற்றின் இரண்டு கரைகளில் இரண்டு குடும்பங்கள். இரண்டுக்கும் பகை. இக்கரைப் பையனுக்கு அக்கரைப் பெண்மேல் காதல். ஒருநாள் மூடுபனியில் அவளைப் பார்க்கக் கிளம்புகிறான். கயிற்றுப் பாலத்தை அறுத்துவிட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

இதே கதையைப் பலர் மாற்றி எழுதியிருக்கிறார்கள். நூலகத்தில் தேடிப் பட்டியல் போட்டேன். பொம்மலாட்டத்தில் பாலத்துக்குப் பதில் ஓட்டைப் படகு. சினிமாவில் ரயில். வானொலியில் 'தொப்' என்று ஒரு சத்தம் மட்டும். எதை மாற்றினாலும் பையன் செத்துப்போவதை மட்டும் யாரும் மாற்றவில்லை.

"ஒண்ணுலயாவது யாராவது அவன்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா டீச்சர்?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டா நாம எல்லாரும் அப்பவே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்," என்றார் டீச்சர்.

அன்றைக்கே ஒருத்தி சொல்லிவிட்டாள்.

காதலனாக நடிப்பவன் ஒட்டடைக்குச்சி. ஆள் அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. அவன் பாலத்தில் கால் வைத்ததுதான் தாமதம், என் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணா, போகாத! அந்தப் பக்கம் பாலம் இல்ல!"

அவன் தங்கை பட்டாணி. நான்கு வயது. காதலன் பாலத்திலேயே சிரித்துவிட்டான்.

மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை அவன் விழுந்தான். தூக்கிவந்து கிடத்தினார்கள். காதலியும் இரண்டு குடும்பங்களும் அவனைச் சுற்றி ஒன்பது நிமிடம் அழ வேண்டும். பட்டாணி அவர்கள் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள். கடைசியில் பிணம் எழுந்து வந்து அவள் மூக்கைத் துடைத்துவிட்டது.

தொடர்ந்து மூன்று நாள் இதே கதை.

"நாளைலேர்ந்து இவளக் கூட்டிட்டு வராதப்பா," என்றார் டீச்சர்.

"வீட்ல யாரும் இல்ல டீச்சர். அம்மா பேக்கரிலேர்ந்து வர எட்டு மணி ஆகும். இவ வரலன்னா நானும் வர முடியாது."

டீச்சர் நெற்றியைத் தேய்த்தார். "நாளைக்கு ஒருநாள் பாப்போம். சரிவரலன்னா வேற ஆளைத்தான் போடணும்."

ஒட்டடைக்குச்சி தலையாட்டினான். பிறகு பாலத்தில் பிரிந்திருந்த கயிற்றை முடிச்சுப் போட்டான், அவிழ்த்தான், மறுபடி முடிச்சுப் போட்டான்.

நான் பட்டாணியிடம் போனேன். சின்னப் பிள்ளைகளிடம் எனக்குச் சரியாகப் பேச வராது.

"அண்ணன் நிஜமா சாகல. அது நடிப்பு."

"அப்ப ஏன் எல்லாரும் அழறாங்க?"

"அதுவும் நடிப்புதான்."

"அப்ப நான் அழறது?"

கேள்வியை நோட்டில் எழுதினேன். பதிலுக்கு இடம் விட்டேன்.

"சரி, அம்மா வேலைக்குப் போறப்ப அழுவியா?"

"மாட்டேனே. அம்மா ஷூ போட்டுட்டுப் போவாங்க. செருப்பு வாசல்ல இருக்கும். செருப்பு இருந்தா ஆளு வந்துடும்." இதுகூடத் தெரியாதா என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

அதையும் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒட்டடைக்குச்சி மேடையில் வெறுங்காலோடு நடிக்கிறான். அந்தக் காலத்துக் காதலன் நீல நிற ரப்பர் செருப்போடு வர முடியுமா? செருப்பு மேடைக்குப் பின்னால் சும்மாதான் கிடக்கிறது.

மறுநாள் ஒட்டடைக்குச்சியிடம் சொல்லிவிட்டு, அதை ஒரு காகிதப் பையில் போட்டுப் பட்டாணியிடம் கொடுத்தேன். இது நடக்கும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

"அண்ணன் செருப்பு. வந்து கேக்கற வரைக்கும் நீதான் பாத்துக்கணும்."

பைக்குள் எட்டிப் பார்த்து, "ரெண்டும் இருக்கு," என்றாள்.

காதலன் பாலத்தில் கால் வைத்தான். பட்டாணி வாயைத் திறந்தாள். பைக்குள் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

அவன் விழுந்தான். ஒரு நிமிடம் போனது. மூன்று. ஐந்து. ஒன்பது. பட்டாணியிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்து, 'ஒன்பது நிமிடம், சரி' என்று எழுதினேன்.

நாடக நாளில் கூடம் நிறைந்துவிட்டது. காதலன் அசையாமல் கிடந்தான். காதலி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, "பனி விலகட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனேனே," என்றாள். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அந்தக் காட்சியை நான் பதினோரு தடவை பார்த்திருக்கிறேன். நோட்டில் கணக்கு இருக்கிறது. இருந்தும் ஆறாவது நிமிடத்தில் எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. நோட்டில் ஒரு சொட்டு விழுந்தது.

யாரோ என் கையைச் சுரண்டினார்கள். பட்டாணி.

"அழாதக்கா," என்று என் காதோடு சொல்லி, மடியில் இருந்த பையைத் திறந்து காட்டினாள். "செருப்பு என்கிட்டதான் இருக்கு."