லோகேஸ்வரி போட்ட மணல்

மீன்தொட்டியின் இடது மூலையில் மணல் மறுபடியும் மேடு கட்டியிருந்தது. நேற்றுச் சாயங்காலம்தான் லோகேஸ்வரி நீளக் கரண்டியால் அதைத் தட்டிச் சமன் செய்தாள். முந்தின நாளும் செய்தாள். பம்பு தள்ளுகிற தண்ணீரின் வேலையாக இருக்கும் என்று பம்பின் முகத்தைக்கூட வேறு பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தாள். திருப்பி என்ன பிரயோசனம்? அதே மூலை, அதே ஒரு முழ நீளம். கரண்டியின் பின்புறத்தால் மெல்ல அழுத்தினாள். அடியில் கெட்டியாக எதுவோ தட்டுப்பட்டது, கையை எடுத்துக்கொண்டாள்.

ரெம்பா ஊருக்கு உள்ளே, எண்ணெய்ப் பழம் காய்க்கிற செம்பனைத் தோட்டத்தின் நடுவில் இருந்தது, கணக்கெழுதுகிற கிராணிக்குத் தோட்டத்தார் கொடுக்கிற அந்த வீடு. கணவர் சத்தியசீலன் கிராணியாக இருந்தவரைக்கும் அது அவர்கள் வீடு. மூன்று மாதத்துக்கு முன்னால் தோட்டத்துச் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி மனுஷர் போய்ச் சேர்ந்துவிட்டார். நாளைக் காலை லாரி வரும். செண்டாயான் டவுனில் வாடகை வீடு பார்த்தாயிற்று, பாத்திரம் பண்டமெல்லாம் பெட்டியில் ஏறிவிட்டன. மிச்சம் இருந்தது இந்த நாலடித் தொட்டிதான். எதை விட்டாலும் அவள் இதை விட்டுவிட்டுப் போகமாட்டாள், அதற்கான காரணம் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது.

பத்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர்களுக்குள் வந்த ஒரே சண்டை மணல் சண்டை. பவளம் வளர்க்கிற உப்புத்தண்ணீர்த் தொட்டி அது. அடியில் வெள்ளை மணல் பரப்பினால் கடலைப் பார்த்த மாதிரி இருக்குமே என்பாள் இவள். "மணல் போட்டா அழுக்கெல்லாம் அடியில போய் உக்காந்துக்கும் லோகா. வெறுங்கண்ணாடின்னா தொடச்சி விட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம் லா" என்பார் அவர். அவர் பிடிவாதம்தான் கடைசிவரை ஜெயித்தது.

அவரை எரித்த மறுநாள், அஸ்திச் சட்டியை மஞ்சள் துணியில் கட்டி வாசல் மாமரத்தடியில் வைத்துவிட்டு ஆண்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். குடித்து முடித்ததும் போர்ட்டிக்சன் கடலில் கரைக்கப் புறப்படுவார்கள், பெண்கள் வீட்டோடு இருக்கவேண்டும். அஸ்தியை வீட்டுப் படி ஏற்றக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி அள்ளினாள். முழுசாக விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். அள்ளியதைத் தொட்டியில் போட்டாள். சாம்பல் கரைந்துவிட்டது. மூன்று எலும்புத் துண்டுகள் மட்டும் வெறுங்கண்ணாடியில் கிடந்தன. ஐயோ, அதைப் பார்த்துக்கொண்டே சோறு இறங்குமா? மறுவாரமே நஜிமுதீன் பாயின் மீன்தொட்டிக் கடையில் மூட்டை மணல் வாங்கிவந்து மூடினாள்.

பகல் மூன்று மணிக்கே மழை இருட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம், செம்பனை மட்டைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம், ஈரச் சுவரின் பூஞ்சை வாடை, அதையும் மீறிக்கொண்டு தொட்டியிலிருந்து வருகிற கடல் கவிச்சி. தொட்டியின் நீல வெளிச்சம் மட்டும் கூடத்தில் கட்டி வைத்திருந்த பெட்டிகள்மேல் அசைந்துகொண்டிருந்தது. அவள் நஜிமுதீன் பாய்க்குப் போன் போட்டாள்.

"லாரியில ஏத்தணும்னா மணல எடுத்தே ஆகணும்மா. மணலோட தூக்கினா கண்ணாடி பொளந்துக்கும்" என்றார் பாய்.

"எடுத்துட்டு, அங்க போய்த் திரும்பப் போட்டுக்கலாம்ல பாய்?"

"எதுக்கு? உன் தொட்டியோட கால்சியம் கணக்கே எனக்குப் புரியல. சொட்டு மெஷின் மணிக்கு மணி கால்சியத்த ஊத்துது. சோதிச்சா தண்ணியில ஒண்ணுமே மிஞ்சலங்கற. பவளம் ஓடு கட்டத்தான் அது. உன்கிட்ட இருக்கறதே நாலு துண்டுப் பவளம். மிச்சத்த யாரு குடிக்கறா?"

அவள் கண் இடது மூலை மேட்டுக்குப் போனது.

"புது வீட்டுல கோசோங்கா, காலியா விட்ரும்மா. வெறுங்கண்ணாடி. எது கெடந்தாலும் பட்டுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சிரும்."

போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வார்த்தை அவள் காதிலேயே நின்றது. தெரிய வேண்டாம் என்றுதானே மூடினாள்! ஆனால் மணலை எடுக்காமல் தொட்டி நகராது. தொட்டி நகராவிட்டால் அவரை இங்கேயே விட்டுவிட்டுப் போகவேண்டும். மூன்று துண்டுகள்தானே, பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள்.

முக்காலியில் ஏறி நின்று குழாயின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டாள். மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சியதும் உப்பும் அழுகலும் கலந்த ஒரு வாய்த் தண்ணீர் நாக்கில் ஏறியது. தூவென்று துப்பினாள். மணல் சரசரவென்று குழாயில் ஏறி வாளியில் இறங்கியது. வலது பக்கத்திலிருந்து தொடங்கினாள். இடது மூலையைக் கடைசிக்கு விட்டாள். வலது பக்கம் வெறுங்கண்ணாடி தெரிந்தது, நடுவிலும் ஒன்றுமில்லை. நெஞ்சு கொஞ்சம் லேசானது.

மேட்டின் ஓரத்துக்குக் குழாயைக் கொண்டுபோனாள்.

முதலில் ஒரு நுனி. வெள்ளை. அதன் பக்கத்தில் இன்னொன்று.

மணல் போகப் போகக் கணு தெரிந்தது. கணுவுக்குக் கீழே இன்னொரு கணு.

அவள் போட்டது மூன்று துண்டுகள்.

கிடந்தது ஒரு கை. ஐந்து விரல், மணிக்கட்டு, அதற்குமேல் முழங்கை வரைக்கும் இரண்டு நீள எலும்பு. சந்து சந்தாகப் பொருந்தி, உள்ளங்கை மேல்நோக்கி, எதையோ வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிற மாதிரி.

பயத்துக்கு முன்னால் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. வந்துவிட்டாரே! ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம். முழங்கை முனையில் ஊசி ஊசியாகப் புது வெள்ளை முளைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அப்புறம்தான் பயம் வந்தது. இன்னும் வளர்கிறது. தோள் வரும். நெஞ்சுக்கூடு வரும். முகம் வரும்.

"ஏங்க, நான்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்றாள் அழுதுகொண்டே. "உங்கள அன்னிக்கே அனுப்பி வச்சிருக்கணும். இப்பவே போர்ட்டிக்சன் கொண்டுபோய் விட்டுர்றேன். போயிடுங்க. என்ன விட்டுட்டுப் போயிடுங்க."

தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு அதைப் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை. கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிப்போயிருந்தது.

இன்னும் பலமாக இழுத்தாள். முக்காலி சாய்ந்து விழுந்தது. தொட்டியின் விளிம்பு அக்குளை அறுத்தது.

சரி, விட்டுவிடலாம். பிடியைத் தளர்த்தினாள்.

அவள் கை வெளியே வரவில்லை.

அந்த எலும்பு விரல்கள் எப்போது மூடின? அவள் பார்க்கவே இல்லை. வலிக்கவும் இல்லை. மந்தின் பசார் தெருவில் லாரி வருகிறபோது சட்டென்று கையைப் பிடிப்பாரே, அதே பிடி. அவ்வளவு பிரியமான பிடி.

"விடுங்க" என்றாள். "ஏங்க, விடுங்க."

மழைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

தண்ணீர் தெளிந்தது. மறைக்க மணல் இல்லை, எல்லாம் தெரிந்தது. அவர் மணிக்கட்டிலிருந்து ஒரு வெள்ளை விளிம்பு புறப்பட்டு அவள் சுண்டுவிரல்மேல் ஏறியது. நகத்தை மூடியது. அடுத்த விரலுக்குத் தாவியது. மூடிய இடத்தில் குண்டூசித் தலை அளவுக்கு, பவளத்துக்கு இருப்பதுபோல, ஒரு வாய் திறந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு பத்து, இருபது. எல்லா வாயும் நீல வெளிச்சத்தைப் பார்த்து விரிந்தன.

அவள் விரல்களை அசைத்துப் பார்த்தாள். எல்லா விரலும் சேர்ந்து அசைந்தன. அவற்றில் எது அவருடையது, எது தன்னுடையது என்று லோகேஸ்வரியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.