பார் ஆட்டக்காரியின் ஓவியம்

ஜீப் நிற்கும் முன்பே ஜெயகுமாரி வாசலுக்கு வந்துவிட்டார். "படம் கெடைக்காட்டியும் போகுதுங்க. அம்மாசி அண்ணனை ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்காங்க. அவரை மீட்டுக் குடுங்க."

ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் சுதாராணி தலையசைத்துவிட்டு உள்ளே போனார். அவருடைய டிரைவர் சத்யராஜுக்கு நிலைகொள்ளவில்லை. வழக்கு என்றாலே அவனுக்குக் கால் தரையில் நிற்காது.

கிளியூருக்கே தெரிந்த கதைதான். ஜெயகுமாரி ஒரு காலத்தில் சர்க்கஸில் அந்தரத்துக் கம்பியில் தொங்கி பார் ஆடியவர். முப்பது வருடங்களுக்கு முன், சேலத்துக் கூடாரத்தில் ஓர் அமெரிக்கப் பெண் ஓவியர் அவரை வரைந்தார். அழகுபடுத்தவில்லை. கலைந்த பவுடர், கிழிந்த காலுறை, மணிக்கட்டில் அழுக்குக் கட்டு என்று கண்ணில் பட்டதை அப்படியே வரைந்து, படத்தை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஓவியரின் சர்க்கஸ் படங்களுக்கு இப்போது நியூயார்க்கில் கண்காட்சி. படத்தை எடுத்துப்போக நாளை ஆள் வருகிறது. சுவரிலோ வெறும் மரச்சட்டம். பூட்டு உடையவில்லை. செடிகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாசியிடம் ஒரு சாவி இருந்தது.

ஜன்னலடியில் சேறு அப்பிய செருப்பைக் கண்டதும், அம்மாசியுடையதுதான் என்று சத்யராஜ் துள்ளினான். அது அவர் தோட்டத்தில் வேலை செய்ததைத்தான் சொல்கிறது என்று சுதாராணி அவனை அடக்கினார்.

சட்டம் ஏன் இவ்வளவு அகலம் என்று அவர் கேட்டபோது ஜெயகுமாரி தயங்கினார். படத்தின் ஓரத்தில் அவர் விரல்களைப் பற்றியபடி கணவர் வேடியப்பனின் கை உண்டாம். அவர் பாரிலிருந்து விழுந்து இறந்தபோது மகன் வயிற்றில். பார்க்கத் தாங்காமல், அந்த மாதமே ஜெயகுமாரி அகலச் சட்டம் போட்டுக் கையை மறைத்துவிட்டார். மகனிடம்கூடச் சொன்னதில்லை.

மதியம் மகன் ராஜ்குமார் சேலத்திலிருந்து வந்தான். உட்காராமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி அம்மாவைத் தேற்றினான். "உடுங்கம்மா. அப்பா கையைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தீங்க. படம் போனா அந்த நெனப்பு போயிருமா?"

ஜெயகுமாரியின் முகம் வெளுத்தது. சத்யராஜுக்கு ஏன் என்று பிடிபடவில்லை.

"சட்டம் போட்டப்புறம் பொறந்தவர் நீங்க," என்றார் சுதாராணி, குரல் உயராமல். "சட்டத்தைக் கழட்டாம அந்தக் கையைப் பாத்திருக்க முடியாதுங்க."

ராஜ்குமார் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு வெளியூரில் பெண் பார்த்திருந்தார்கள்; அவர்களுக்குச் சர்க்கஸ் விஷயம் தெரியாது. கண்காட்சிச் செய்தி பேப்பரில் வந்தால் சர்க்கஸ்காரி மகன் என்று பேசுவார்களே என்ற பயம். அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரம் தன் சாவியால் திறந்து, எரிப்பதற்காகத்தான் எடுத்தான்.

"அப்பா போட்டோ ஒண்ணுகூட ஊட்டுல இல்லீங்களே. அந்தக் கை என்னுது மாதிரியே இருக்குது. தீக்குச்சி கிழிக்க முடியலைங்கம்மா." படம் அவன் கார் டிக்கியில் பத்திரமாக இருந்தது. அம்மாவைப் பார்த்துக் கேட்டான். "அவரு எப்புடி விழுந்தாருங்க?"

ஜெயகுமாரி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மொதல்ல ஸ்டேஷனுக்குப் போயி, நாந்தான் எடுத்தேன்னு சொல்லு சாமி. அம்மாசி அண்ணனைக் கையோட கூட்டிட்டு வா. அவரும் அந்த சர்க்கஸ்லதான் இருந்தாரு. உங்கப்பன் உசுரு போறப்ப மடியில தாங்கிக்கிட்டிருந்தது அவருதான். அவரு வாயால கேளு."