காயாத வெள்ளை

மூன்று கதவுகளில் இரண்டு காய்ந்துவிட்டன. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த கதவு மட்டும் காயவில்லை.

பெயின்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. அட்டையைப் பார்த்து நிறம் சொல்லும் கதையெல்லாம் அவரிடம் நடக்காது. சமையலறை அலமாரியில் மூன்று கதவுகளுக்கு மூன்று நிறம் முழுசாக அடித்துவிட்டு, காலை, மத்தியானம், சாயங்காலம் என எல்லா வெளிச்சத்திலும் பார்த்துச் சொல்லச் சொல்வார். சாம்பல், வெளிர்பச்சை, வெள்ளை. வெள்ளை வாய்த்தது தொட்டியடிக் கதவுக்கு. அதன் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நாலு விரல் இழுத்த ஈரத்தடம்.

"கை வச்சுட்டீங்களாம்மா?"

"இல்லையே" என்றாள் அவள்.

"பூனை கீனை வருமோ?"

"இங்க ஏது பூனை."

அவர் இன்னொரு பூச்சு அடித்துவிட்டுப் போனார். அவள் அண்ணன் போனில் அவசரப்பட்டான். "விக்கிற வீட்டுக்குக் கண்ணை மூடிட்டு வெள்ளை அடிம்மா. வெள்ளிக்கிழமை பார்ட்டி பாக்க வருது. நீயும் அந்த வீட்டை விட்டு வெளிய வரணும்ல?"

வரத்தான் வேண்டும். பதினோரு வருஷம் அம்மாவைப் பார்த்துக்கொண்ட வீடு. விற்றால்தான் அவளுக்கென்று ஒரு வாழ்க்கை. ஆனால் அம்மா போனதிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. சோறும் வெயிலும் ஆறுதல் வார்த்தையும், ஊசி போட்டு மரத்த கன்னத்தைப் பல் டாக்டர் தட்டுவதுபோலத்தான் இருந்தன.

அம்மா விழுந்தது அந்தத் தொட்டியடியில். மத்தியானம் நாலு மணி. விழுந்த இடத்திலிருந்து கதவைத் தட்டினாள். டக், டக், டக். தண்ணீருக்கும் தட்டுவாள், போன் அடித்தாலும் தட்டுவாள், சும்மாவும் தட்டுவாள். படுத்தபடியே "இதோ வர்றேன்மா" என்றாள் இவள். அப்படியே கண் அசந்துவிட்டது. எழுந்தபோது இருட்டியிருந்தது. அண்ணனிடம், "சத்தமே கேக்கலைண்ணா" என்று சொல்லிவைத்தாள். அந்தப் பொய்கூட உறுத்தவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு, தடம் கைப்பிடி உயரத்தில் இருந்தது.

"வெள்ளை வேணாம். எல்லாத்துக்கும் சாம்பலே அடிச்சிருங்க" என்றாள்.

பெயின்டர் அந்தத் தடத்தை ஒருமுறை பார்த்தார். எல்லாக் கதவுகளையும் சாம்பலாக்கினார். வெள்ளை டப்பாவை இறுக மூடி, வண்டியில் ஏற்றிக்கொண்டார். போகும்போது, "நாளைக்குக் காலைல மட்டும் வர்றேன்மா, மத்தியானம் முடியாது" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் சாம்பல் நன்றாகக் காய்ந்திருந்தது. மேடை விளிம்பில் நாலு விரல், வெள்ளையாக. அதற்கு மேலே, அவள் முகத்துக்கு நேரே, மேல் அலமாரிக் கதவில் இன்னும் நாலு. யாரோ பிடித்துப் பிடித்துத் தரையிலிருந்து எழுந்திருக்கிறார்கள். பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம்தான் வரவில்லை. அறைக்குப் போய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

நாலு மணி.

டக். டக். டக்.

"இதோ வர்றேன்மா." பதினோரு வருஷப் பழக்கம், நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. உடம்பு அசையவில்லை.

சமையலறையில் ஏதோ இழுபடும் சத்தம். பிறகு கூடத்தில். காயாத பெயின்ட் வாசனை, தொண்டையில் கரிக்கும் அளவுக்கு. நிலைப்படியில் ஒரு தட்டு. சுவரில் ஒரு தட்டு.

மூன்றாவது, கட்டில் சட்டத்தில்.

எழுந்துவிட நினைத்தாள். முடியவில்லை. இப்போது பயம் வந்தது. மொத்தமாக வந்தது.

சட்டையில் ஈரம் ஊறியது. தோளில் நாலு விரல், வெள்ளையாக. நிமிர்ந்து நிற்க இன்னும் ஒரு பிடி பாக்கி இருந்ததுபோல, அவை அவளை இறுகப் பற்றி, தங்கள் முழு பாரத்தையும் அவள்மேல் போட்டு, மெல்ல எழுந்தன.