இலைக்கு மட்டும் மதிப்பெண்

மருந்தடித்த மூன்றாம் நாள் காலையில் ஜாஸ்மினை உறுத்தியது, இலையில் எதுவுமே இல்லாததுதான்.

சாம்பல் நோய் பிடித்த ஜெர்பரா பூச்செடிக்கு மருந்தடித்தால் வெள்ளைப் படலம் காய்ந்து உதிரும், உதிர்ந்த இடத்தில் பழுப்பாக ஒரு வடு நிற்கும். பதினோரு வருடமாக அவள் பார்த்துவரும் சங்கதி இது. எவ்வளவு உசத்தியான மருந்தென்றாலும் செத்த பூஞ்சை தான் இருந்த இடத்தைக் காட்டிவிட்டுத்தான் போகும். இங்கே, சோதனைக்கு வந்த ஆறாம் நம்பர் மருந்து அடித்த இருபது தொட்டிகளில் ஒரு வடுகூட இல்லை. அன்றைக்குத்தான் நர்சரியிலிருந்து இறக்கியதுபோல இலையெல்லாம் பளபளத்தன. கடையில் விற்கிற பழைய மருந்து அடித்த வரிசை பாதி தேறியிருந்தது. வெறும் தண்ணீர் அடித்த வரிசை மாவு கொட்டியதுபோல வெளுத்துக் கிடந்தது.

வேலை என்னவோ எளிதுதான். புதிதாக வருகிற பூஞ்சைக்கொல்லியை அழகுச் செடிகளுக்கு அடித்துப் பார்க்க வேண்டும். நோய் போகிறதா, செடி கருகுகிறதா என்று ஒவ்வொரு தொட்டிக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண் போட வேண்டும். பூஜ்யம் என்றால் ஒரு குறையும் இல்லை, பத்து என்றால் செடி அவுட். படப்பையைத் தாண்டி, ஏரிக்கரைப் பக்கம் இருந்த அந்தத் தனியார் பரிசோதனைக் கம்பெனியில் ஜாஸ்மின் போடுகிற மதிப்பெண்ணை யாரும் திருத்தியதில்லை. கண் அப்படி. இலையைப் பார்த்த மாத்திரத்தில் நோய் பன்னிரண்டு சதவீதம், பதினைந்து சதவீதம் என்று சொல்லிவிடுவாள்.

அன்று வரிசை முழுக்கப் பூஜ்யம் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் இரும்புக் குழாயைப் பார்த்தாள். பச்சை வலையைத் தாங்கி நிற்கிற குழாய். தோள் உயரத்தில் அதன்மேல் வெள்ளையாக ஐந்து விரல்கள் இருந்தன. மருந்தடிக்கிற தாவீது ஓய்வுக்குக் கைவைத்துச் சாய்ந்து நிற்கிற இடம் அது. சுண்ணாம்பாக இருக்கும் என்று துப்பட்டாவால் துடைத்தாள். துணியில் ஒட்டியது வழவழவென்று இருந்தது. மோந்து பார்த்தாள். புளித்த ஈரமாவு வாடை அடித்தது. சாம்பல் பூஞ்சை உயிருள்ள இலையைவிட்டு வேறெங்கும் பிழைக்காது என்பது இந்தத் தொழிலில் முதல் வருடம் படிக்கிறவர்களுக்கும் தெரியும். கடைசித் தொட்டிவரை போய்விட்டு வந்து பார்த்தால், ஐந்து விரலும் திரும்ப அங்கேயே இருந்தன.

ஆய்வை நடத்துகிற ஸ்ரீரங்கன் சாரிடம் போய்ச் சொன்னாள். நல்ல மனுஷர்தான், யாரிடமும் அதட்டிப் பேசாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"இலையில என்ன இருக்கோ அதை மட்டும் எழுதும்மா. பைப்புக்கு நம்ம ஷீட்ல கட்டமே இல்லையே."

அது உண்மைதான், இலைக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடிக்கொள்ள அவளுக்கு வேறு காரணமும் இருந்தது. ஜனவரியில் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்கு ஐந்து மாதம் முடிந்து ஆறு நடந்தது. தெரிந்தால் ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, முழங்கால்வரை தொங்குகிற வெள்ளைக் கோட்டுக்குள் வயிற்றை ஒளித்துக்கொண்டு வந்து போனாள். ஆய்வு தொடங்குமுன் நிரப்புகிற பாதுகாப்புப் படிவத்தில், தெளிக்கும் இடத்தில் கர்ப்பிணிகள் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று தன் கையாலேயே எழுதியிருந்தாள். எழுதும்போது உள்ளே குழந்தை லேசாக உதைத்தது. பாவி மனம், அதற்கும் சிரித்துக்கொண்டது.

ஏழாம் நாள் இரண்டாவது தெளிப்பு. மழை பிடித்துக்கொண்டிருந்தது. வலைமேல் விழுந்த தண்ணீர் திவலை திவலையாக உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது. தாவீது முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு அடித்தார். குளிருதா அண்ணா என்று கேட்டதற்கு, ஆமாம் என்பதுபோல முனகினார். வழக்கமாக அவருக்கு வாய் ஓயாது. பேருந்தில் நடந்த சண்டையிலிருந்து சர்ச் பாதிரியாரின் புது பைக்வரை எல்லாம் வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. முடித்ததும் தொட்டிகளுக்கு நடுவே, மேகத்துக்குப் பின்னால் வெயில் மங்கலாகத் தெரிந்த பக்கமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

மிஞ்சிய மருந்துக் கரைசலைக் கழிவுக் குழியில் ஊற்றி, அளவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதினாள், கையெழுத்தும் போட்டாள். ஆனால் அரை லிட்டரைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அங்கே வேலை பார்க்கிற எல்லாரும் செய்கிற காரியம் அது. வீட்டு மாடியில் ஆளுக்கு நாலு தொட்டி இருக்கிறது, நல்ல மருந்தைக் குழியில் கொட்ட யாருக்கு மனம் வரும்?

அவளுக்கு அது ரோஸிக்காக. இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள், பள்ளிக் கண்காட்சிக்கென்று ஒரு ஜெர்பராவைத் தொட்டியில் வளர்த்துவந்தாள். அதில் சாம்பல் நோய் பிடித்திருந்தது. ஜாஸ்மினின் துப்பட்டாவிலேயே ஒட்டிவந்திருக்கும், வேறெப்படி? பிள்ளை மூன்று நாளாக அழுது தீர்த்திருந்தாள். அன்று மாலை சேலையூர் வீட்டு பால்கனியில் தாயும் மகளும் உட்கார்ந்து இலை இலையாக மருந்தைத் தெளித்தார்கள். செடிக்குக் குளிரும் என்று ரோஸி தொட்டியைத் தன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் செடி தேறிவிட்டது. கணவன் பென்னி, மறைமலை நகர் பாக்டரியில் இரண்டாம் ஷிப்டு முடித்து வந்து பார்த்துவிட்டு, உன் கை ராசியான கை என்று கிண்டல் பண்ணினான். ஜாஸ்மினுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

வடு இல்லை.

பெருமை அந்த நிமிடமே வற்றிப்போனது. ஏன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. தொட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து எடுத்து பால்கனியில் வைத்துவிட்டுப் படுத்தாள்.

பத்தாம் நாள் தாவீது மூன்றாவது நாளாக வேலைக்கு வரவில்லை. தெளிப்புப் பதிவேட்டில் அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. மாலை நாலு மணிக்கு அலுவலக வாசலில் நின்று போன் போட்டாள். வானம் கருத்து, நாலு மணியே ஆறு மணி மாதிரி இருந்தது. மணி அடித்து அடித்து ஓயப்போகும் நேரத்தில் எடுத்தார்.

"எனுக்கு ஒண்ணியும் இல்ல மேடம். நல்லா கீறேன்."

"அப்புறம் ஏன் வரல அண்ணா?"

"கழுத்தாண்ட வெள்ளையா படர்ந்துகினே வந்துச்சு. சோப்பு போட்டேன், எண்ணெ தடவுனேன், ஒண்ணுத்துக்கும் போவல. மருந்து கொஞ்சம் வூட்ல வெச்சிருந்தேன். அத்த துணியில தொட்டு தொடச்சேன். சுத்தமா பூட்ச்சு மேடம். வடுகூட இல்ல."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஞானம்மா பக்கத்துலதான் படுத்துகினு இருந்துச்சு," என்றார் தாவீது. ஞானம்மாள் அவர் மனைவி. "இப்போ அந்த வெள்ள அது மேல கீது. ஜன்னலாண்டயே நிக்குது மேடம். கூப்ட்டா திரும்பல. வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மூஞ்ச வெச்சிகினு நிக்குது."

ஜாஸ்மின் பையைக்கூட எடுக்கவில்லை.

முடிச்சூர் சாலையில் முழங்கால் தண்ணீர். பேருந்து நத்தையாய் நகர்ந்தது. நின்றுகொண்டே வந்தாள். ஆறாம் நம்பர் எதையும் கொல்லவில்லை. அதனால்தான் வடு இல்லை. மருந்து பட்ட இடத்தைவிட்டுப் பூஞ்சை கிளம்பிவிடுகிறது, பக்கத்தில் உயிரோடு எது இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. அவள் பூஜ்யம் பூஜ்யமாகப் போட்டாளே, அத்தனை பூஜ்யமும் தாவீது மேல் ஏறியிருந்தது. ரோஸி பள்ளிவிட்டு மூன்றரைக்கே வந்திருப்பாள். கீழ்வீட்டுத் தனம் அக்காவிடம் சாவி வாங்கித் தனியாகத்தான் இருப்பாள். தனம் அக்காவுக்குப் போன் போட்டாள். பிள்ளை மேலதான் இருக்கு, சத்தமே இல்லாம சமத்தா இருக்கு என்றார் அவர். ரோஸி சத்தமில்லாமல் இருக்கிற பிள்ளையே இல்லை.

தாம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தபோது தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. இரண்டு மாடியையும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினாள். கதவு திறந்து கிடந்தது. உள்ளே புளித்த ஈரமாவு வாடை.

"ரோஸி."

பால்கனிக் கதவருகே நின்றிருந்தாள். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றவில்லை. உள்ளங்கை இரண்டையும் வெளியே விரித்து, மங்கிக்கொண்டிருந்த வானத்தின் பக்கம் முகத்தை ஏந்தியிருந்தாள். காலடியில் ஜெர்பரா பளபளவென்று இருந்தது.

"ரோஸிம்மா."

திரும்பவில்லை. போன் டார்ச்சைப் போட்டாள். கழுத்தில் வட்டம் வட்டமாக வெள்ளை. கன்னத்தில். இமைமேல். உள்ளங்கையில் ரேகையே தெரியவில்லை. நாற்பது சதவீதம் என்று மனம் கணக்குச் சொன்னது. அந்த மனத்தை அறைய வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். தண்ணீர், சோப்பு. தேய்த்தால் போனது. துண்டை எடுப்பதற்குள் வந்துவிட்டது. மறுபடி தேய்த்தாள். மறுபடி வந்தது. பிள்ளையின் முகம் மட்டும் சின்ன ஜன்னலின் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் பாட்டில் நினைவு வந்தது. சமையலறையில் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் இன்னும் கால் பங்கு இருந்தது. அதைக் கையில் எடுத்தபோதே தெரியும், என்ன ஆகும் என்று. மருந்து பட்ட செடிக்குப் பூஞ்சை திரும்பப் போகாது. வீட்டில் வேறு யாரும் இல்லை. பக்கத்தில் இருக்கும் ஒரே உயிர் அவள்தான்.

எனக்கு வரட்டும் என்றாள் சத்தமாக.

துணியை நனைத்துத் துடைத்தாள். நெற்றி, இமை, கழுத்து, விரல் விரலாக. தன்மேல் வந்ததை இன்னொருவர்மேல் தள்ளிவிடத் தோன்றக் கூடாதென்று மிச்சத்தைத் தரையில் ஊற்றினாள். பிறகு பிள்ளையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வா, வந்து தொலை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ தெரியாது. மழை விட்டது. கீழே யாரோ ஜெனரேட்டர் போட்டார்கள்.

"அம்மா, பசிக்குது."

ரோஸி நிமிர்ந்து பார்த்தாள். கழுத்து சுத்தம், கன்னம் சுத்தம், உள்ளங்கையில் ரேகை தெரிந்தது. ஜாஸ்மினுக்கு அழுகை பீறிட்டது. அழுதுகொண்டே பிஸ்கட் டப்பாவைத் திறந்து கொடுத்தாள்.

பிறகு தன்னைப் பார்க்க ஆரம்பித்தாள். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று கை, கழுத்து, காதின் பின்புறம், நாக்கின் அடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சட்டையைக் கழற்றி முதுகைத் திருப்பிப் பார்த்தாள். இலையைப் பார்க்கிற அதே கண்தான். ஒரு புள்ளி இல்லை. இன்னும் கால் மணி காத்திருந்து மறுபடி பார்த்தாள்.

பூஜ்யம்.

சிரிப்பு வந்தது. ஒருவேளை செத்திருக்கும். ஒருவேளை இந்தத் தடவை செத்தே போயிருக்கும். போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள். மணி ஆறரை. தினமும் இந்த நேரத்தில் குழந்தை உதைக்கும். ரோஸி வந்து காதை வைத்துக் கேட்பாள்.

இன்றைக்கு உதைக்கவில்லை.

கையை வயிற்றில் வைத்தாள். மெல்ல அழுத்தினாள். ஒன்றுமில்லை. மூச்சை இழுத்துவிட்டாள். விட்ட மூச்சில் புளித்த ஈரமாவு வாடை அடித்தது.

பக்கத்தில் இருக்கும் ஒரே உயிர்.

இல்லை.

ஐயோ, இல்லை.

"பாப்பா தூங்குதாம்மா?" ரோஸி பிஸ்கட்டோடு கட்டிலில் ஏறினாள். ஜாஸ்மினின் கையிலிருந்த போனை வாங்கி, டார்ச்சைப் போர்வைக்குக் கீழே கொண்டுபோய் வயிற்றின் வலப்பக்கம் வைத்தாள். உள்ளே அசைந்தது. அது உதை இல்லை. மெதுவாக, மிக மெதுவாக ஏதோ ஒன்று வலப்பக்கம் திரும்பி, தோலை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு வந்து வெளிச்சத்துக்கு நேராக நின்றது.

ரோஸிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டார்ச்சை இடப்பக்கம் நகர்த்தினாள். அது இடப்பக்கம் வந்தது. நடுவில் வைத்தாள். நடுவில் வந்தது. விளக்கொளியில் சிவந்து தெரிந்த தோலுக்குள் சின்னதாக இரண்டு உள்ளங்கைகள் வெள்ளை வெளேரென்று விரிந்து ஒட்டிக்கொண்டன.