சாட்சிக்கண்

சிக்னலில் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகச் சொல்லின: "யாருக்கும் அடிபடவில்லை."

ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால் வண்டிக்கு அடியிலிருக்கும் சாட்சிக்கண் வந்த வழியைச் சரிபார்த்துத் தரும் பதில் அது. விபத்து விசாரணைக்காக வந்த கருவி. இப்போது தூத்துக்குடியில் அதைக் கேட்காமல் யாரும் வண்டியை நகர்த்துவதில்லை.

செலஸ்டினின் பேருந்தில் மட்டும் பொத்தானை பிளாஸ்திரி ஒட்டி மறைத்திருந்தார்கள். பயணிகள் இல்லை. பக்கத்தில் மனநல மருத்துவர் பூங்கோதை. துறைமுகம் வரை கேட்காமல் ஓட்டினால் அவள் கையெழுத்துப் போடுவாள். உரிமம் திரும்பக் கிடைக்கும்.

அவனுக்கு எண்ணச் சுழற்சி நோய். சக்கரம் குழியில் இறங்கினாலே யார் மீதோ ஏற்றிவிட்டதாகத் தோன்றும். சாட்சிக்கண் "யாருக்கும் அடிபடவில்லை" என்னும். நிம்மதி அடுத்த வளைவு வரை. பிறகு அந்தப் பதிலின் மீதே சந்தேகம். ஒருநாள் பயணிகளை உப்பளத்து வெயிலில் விட்டுவிட்டு, வந்த வழியே நடந்து பிணம் தேடினான். வேலையும் உரிமமும் போயின.

பூங்கோதை மாத்திரையோடு ஒரு பயிற்சியும் கொடுத்தாள். கேட்கக் கூடாது. திரும்பிப் போய்ப் பார்க்கக் கூடாது. பயம் ஏறும், ஒன்றும் செய்யாமலிருந்தால் தானாக இறங்கும். அவன் மனைவி லிடியாவிடமும் சொல்லியிருந்தாள்: "அவர் கேட்டா பதில் சொல்லாதீங்க. பதில்தான் நோய்க்குத் தீனி."

ரயில்வே கேட் தாண்டியதும் ஒரு அதிர்வு.

"பயம் பத்துக்கு எவ்வளவு?" என்றாள் பூங்கோதை.

"எட்டு மேடம். ஏறிக்கிட்டே போவுது."

"போகட்டும். ஓட்டுங்க."

ஆறானது. நாலானது. அப்போது ஊர் முழுக்கச் சாட்சிக்கண் வலையமைப்பு அறுந்தது. வண்டிகள் "பதில் இல்லை" என்றன. ஓட்டுநர்கள் சாலையில் இறங்கி அடியில் குனிந்து பார்த்தார்கள். ஒருவரும் கிளம்பவில்லை. செலஸ்டின் அவர்களுக்கு நடுவே மெதுவாக ஓட்டிச் சென்றான்.

துறைமுகச் சாலையில் மறுபடி ஒரு அதிர்வு. எல்லா ஓட்டுநரையும் போலக் கண்ணாடியை ஒருமுறை பார்த்தான். சாலை காலி.

"என்னது அது?" என்றாள் பூங்கோதை.

"கல்லா இருக்கும்."

"இருக்குமா? கல்லுதானே?" பிளாஸ்திரியைப் பிய்த்துப் பொத்தானை அழுத்தினாள். பதில் இல்லை. "நிறுத்துங்க. ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"பத்துக்கு எவ்வளவு மேடம்?"

அவள் சிரிக்கவில்லை. அவன் நிறுத்தவில்லை.

துறைமுக வாசலில் பேருந்து நின்றது. அவள் சான்றிதழை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தாள். எழுதவில்லை.

"நெட்வொர்க் போனதுல பொத்தான் அழுத்தின பதிவு இல்லையே செலஸ்டின். நீங்க கேக்கவே இல்லைன்னு நான் எப்படி உறுதியாச் சொல்றது?"

"பக்கத்துலதான இருந்தீங்க?"

"இருந்தேன். சரியாத்தான் பாத்தேனா? சொல்லுங்க, நீங்க அழுத்தலைதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவள் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அடுத்த வளைவில் மறுபடி கேட்பாள். அது அவனைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

"பதில் சொல்ல மாட்டேன் மேடம்," என்றான்.

பேனா அப்படியே நின்றது.