சாவி எடுத்த பிறகு

ஓட்டுநர் இருக்கை ஒரு விரற்கடை பின்னால் போயிருந்தது.

வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. கிளட்சைத் தேடிப் போன அவளுடைய இடது காலுக்குத் தெரிந்தது. அந்த இருக்கை முன்னும் பின்னும் நகராது. தன் உயரத்துக்கு அளந்து, தரையோடு போல்ட் வைத்து இறுக்கியவள் அவள்தான். நகர்த்த ஸ்பானர் வேண்டும். ஸ்பானர் பெட்டியின் சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் கிடந்தது.

“வண்டியை யாராவது தொட்டாங்களா?”

சமையலறையிலிருந்து கார் ஷெட்டுக்குத் திறக்கும் கதவில் கணவன் சாய்ந்து நின்றான். “உன் வண்டியைத் தொட எனக்கென்ன உயிர் மேல ஆசை இல்லையா, மெக்கானிக்கம்மா?”

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வழியில் நின்றுபோன அவன் ஸ்கூட்டரை அவள் கிளப்பிக் கொடுத்த நாளிலிருந்து அதுதான் பெயர்.

அது பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். என்ஜின் இல்லாத வெறும் கூடாக வாங்கினாள். என்ஜினைத் தேடிப் பிடித்து, வேகம் கூட்டப் பெரிய டர்போ மாட்டி, உயரத்தைக் குறைத்து, சைலன்சர் குழாயைத் தன் கையாலேயே வெல்டிங் செய்து சேர்த்தாள். ஆயில் மாற்ற ஒரு நாளும் பிந்தியதில்லை. இரண்டே இருக்கை. அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம்.

“மூணாவது ஆளை டிக்கியில வைக்கறதா?” என்று அவன் கேட்டபோது சிரித்தாள். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். விற்கச் சம்மதித்தாள். ஆள் பிடித்தது அவன்தான்.

“போன்ல பேசினாங்க. விஷயம் தெரிஞ்சவங்க. உன்ன மாதிரியே பேச்சு.”

ஸ்பானரை எடுத்து இருக்கையைப் பழைய இடத்தில் இறுக்கினாள். மூச்சு வாங்கியது. குனிந்திருந்தபோது பெட்ரோலுக்கும் பாலிஷுக்கும் சூடேறிய ரப்பருக்கும் அடியில், பல நாள் படுத்த தலையணையில் இருப்பதுபோல் ஒரு பெண்ணின் தலைமுடி வாசனை இருந்தது. அவளுடையதல்ல. நடுக்கண்ணாடி பின்பக்கத்தைக் காட்டாமல் கூரையைக் காட்டியது. தோளிலும் இடுப்பிலும் இழுத்துக் கட்டும் பந்தய பெல்ட் இரண்டு இருக்கையிலும் உண்டு. வயிறு தெரிய ஆரம்பித்ததும் தன்னுடையதை அவள் தளர்த்தியிருந்தாள். பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார்வதில்லை, கணவனுக்குத் தலை சுற்றும். அந்த பெல்ட் இப்போது ஒல்லியான ஒருத்தியின் அளவுக்கு இறுக்கப்பட்டிருந்தது.

யாரையோ இதில் கூட்டிப்போயிருக்கிறான்.

கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவான் என்று பயமாக இருந்தது.

வாங்க வந்தவள் மாலையில், தூறலில் நடந்தே வந்தாள். அவளைவிடச் சற்று உயரம். ஒல்லி. நகக்கண்களில் கிரீஸ் கறுப்பு. பானட்டைத் திறக்கச் சொல்லவில்லை, டயரைக் குனிந்து பார்க்கவில்லை. நேராகப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவளுக்கு அளந்து இறுக்கிய இடத்திலும் கால்கள் சரியாகப் பொருந்தின. கண்ணாடியைத் தொடவில்லை. கை மட்டும் ஸ்டீயரிங்குக்கு அடியில் போனது. திருட்டுக்குப் பயந்து அவள் அங்கே ஒரு ஸ்விட்ச் ஒளித்து வைத்திருந்தாள்; அதைத் தட்டாமல் வண்டி கிளம்பாது. அது இருப்பது கணவனுக்குக்கூடத் தெரியாது.

டிக்.

“அது உங்களுக்கு யார் சொன்னாங்க?”

“கை பழகிடுச்சு,” என்றாள் வந்தவள். “ஏறுங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.”

கணவன் வாசலில் நின்று கையாட்டினான். யாருக்கு என்று தெரியவில்லை.

தன் காரில் அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பெல்ட்டைத் தளர்த்தப் போனாள். தேவைப்படவில்லை. அப்படியே மாட்டிக்கொண்டது. கார் நகர்ந்துவிட்டதால் அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

“செகண்ட் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதை…”

வந்தவள் அதற்குள் ஒரு நொடி காத்து, விரல் நுனியால் தள்ளியிருந்தாள். கியர் வெண்ணெயாக விழுந்தது. டர்போ சீறியது. வேறு யார் ஓட்டினாலும் திமிறும் வண்டி. அவளே அதை அப்படித்தான் பழக்கியிருந்தாள். இப்போது ஈரச் சாலையில், அவளுக்கு மட்டும் தெரிந்த பள்ளங்களை ஒதுக்கி, அவள் வழக்கமாகத் திரும்பும் இடத்தில் திரும்பி, சொன்னபடி கேட்டுக்கொண்டு ஓடியது. பக்கத்து இருக்கையில் அவள் கால்கள், அங்கே இல்லாத பெடல்களை மிதித்தன.

நீயுமா, என்று நினைத்தாள். கணவனை அல்ல. காரை.

ஷெட்டுக்குள் வந்து நின்றதும் வந்தவள் சாவியை உருவினாள். என்ஜின் நிற்கவில்லை. டர்போ சூடு தணியட்டும் என்று அவள் பொருத்திய டைமர் அது. சாவி போன பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சிவப்பு எண்கள் பூஜ்யத்துக்கு இறங்கியதும் நிறுத்தும்.

“சாவியை எடுத்தாலும் ஓடும்,” என்றாள் வந்தவள். “தன்னை நிறுத்திட்டாங்கன்னு அதுக்கு லேட்டாத்தான் தெரியும்.”

கணவன் வெறும் ஸ்கூட்டர்காரனாக முதன்முதலாக இந்தக் காரைப் பார்க்க வந்த அன்று அவள் அவனிடம் சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை.

வந்தவள் கதவைத் திறந்தாள். ஒரு கையைக் கூரையில் ஊன்றி, இன்னொரு கையை இடுப்பில் வைத்து, மெல்ல எழுந்தாள். போகும்போது ஒல்லியாக இருந்தவளுக்கு இப்போது வயிறு தெரிந்தது.

சமையலறைக் கதவு திறந்தது. வெளிச்சம் விழுந்தது.

“எவ்வளவு நேரம், மெக்கானிக்கம்மா? சாப்பாடு ஆறிப்போச்சு. பாத்து, படி ஈரமா இருக்கு.” கணவன் வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டான். “அவங்க என்ன சொன்னாங்க?”

“வேணாம்னு போயிட்டாங்க,” என்றாள் வந்தவள்.

“சரி விடு. வேற ஆள் வருவாங்க.”

அவன் காருக்குள் பார்த்தான். பக்கத்து இருக்கையில் இருந்த அவள் முகத்தைத்தான் பார்த்தான். பார்த்துவிட்டு ஷெட் விளக்கை அணைத்தான்.

அவள் கூப்பிட்டாள். சைலன்சர் சத்தம்தான் வந்தது.

பெல்ட்டின் பூட்டை அழுத்தினாள். அழுந்தவில்லை. வயிற்றைத் தொட்டாள்.

பெல்ட்டுக்கு அடியில் தட்டையாக இருந்தது.

சமையலறையில் தட்டு வைக்கும் ஓசை. அவன் சிரிப்பு. அவள் சிரிப்பு.

இருட்டில் சிவப்பு எண்கள் மட்டும் எரிந்தன. அந்த வெளிச்சம் அவள் விரல்களில் விழவில்லை. அவற்றைத் தாண்டி இருக்கையில் விழுந்தது.

மூன்று.

இரண்டு.