ஒதுங்க இடம்

சைரன் ஒலி நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. சக்கரங்கள் மழைத் தண்ணீரைக் கிழிக்கும் சத்தம், வைப்பர் கண்ணாடியில் தேய்ந்து முனகும் சத்தம், எல்லாவற்றுக்கும் பின்னால், பக்கத்து அறையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல் கால் மணி நேரமாக அது கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மூன்றாம் முறையாக டாக்ஸியை ஓரங்கட்டினார். பின்னால் மங்கிய மாலை. காலிச் சாலை.

"மறுபடியும் என்னண்ணே?" என்றாள் பின்சீட்டுப் பெண்.

"ஆம்புலன்ஸும்மா. வழி விடணும்ல."

"எங்க வருது? உங்களுக்கு மட்டும் தனியா வருதா?" அவள் கதவைத் திறந்தாள். "நான் இறங்கிக்கிறேன். நடந்தாலே உங்களுக்கு முன்னாடி போயிடுவேன்."

டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்கு வால் என்று பெயர். ஆம்புலன்ஸ் வந்தால் எல்லோரையும்போல ஒதுங்குவார். அது கடந்ததும் அதன் பின்னால் ஒட்டிக்கொள்வார். விலகிய கூட்டம் மூடுவதற்குள் நழுவிவிடலாம். இருபது வருடப் பழக்கம். "வாலு, இன்னைக்கு எந்த நோயாளி புண்ணியத்துல வந்தே?" என்பார்கள். அவரும் சிரிப்பார்.

போன மாதம் அப்படி ஒட்டிக்கொண்டபோது பின்னால் இன்னொரு ஆம்புலன்ஸ் வந்தது. முன்னதில் தாய். பின்னதில் அவள் அன்று பெற்ற குழந்தை. அது அவருக்குத் தெரியாது. பாலத்தின் மேல் நெரிசல் இறுகியது. முன்னது போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில் அவர் சிக்கிக்கொண்டார். பின்னதிலிருந்து ஓர் இளைஞன் இறங்கி ஓடிவந்து ஜன்னலைத் தட்டினான். கோபமே இல்லாத குரல்.

"அண்ணே, கொஞ்சம் ஒதுங்குங்கண்ணே."

அவர் கண்ணாடியை இறக்கவில்லை. முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது நிமிடம்.

தாய் பிழைத்துவிட்டாள் என்று மறுநாள் ஸ்டாண்டில் சொன்னார்கள். குழந்தை பாலத்திலேயே போய்விட்டதாம். அன்று யாரும் அவரை வால் என்று கூப்பிடவில்லை.

ஜன்னலில் பதிந்த அவன் உள்ளங்கைத் தடத்தைப் பலமுறை துடைத்துவிட்டார். மழை பெய்தால் அது திரும்பத் தெரிந்தது.

போன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க? பாப்பாவுக்கு பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. சீக்கிரம் வாங்க."

வீட்டு வாசலில் நிறைமாத மகளைப் பின்சீட்டில் படுக்கவைத்து, தலையை மடியில் ஏந்திக்கொண்டாள் மனைவி. பல்லைக் கடித்துக்கொண்டு மகள் சிரிக்கப் பார்த்தாள். "மிதிங்கப்பா. டாக்ஸிக்காரர் பொண்ணு டாக்ஸியிலயே பெத்தா உங்க ஸ்டாண்டே சிரிக்கும்."

மிதித்தார். மழை வலுத்தது. பாலம் ஏறும்போது சைரன் நெருங்கியது. முதல் முறையாக.

ஓரங்கட்டினார்.

"ஏங்க நிறுத்துறீங்க?"

"வழி விட்டுடறேன். இந்தத் தடவை விட்டுடறேன்."

"யாருக்குங்க? பின்னாடி யாருமே இல்லையே!"

சைரன் வண்டியின் முதுகில் வந்து நின்றது. கடக்கவில்லை. ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடித்தார். பக்கக் கண்ணாடி பாலத்துச் சுவரில் மோதி உடைந்தது. இன்னும் கொஞ்சம். தகரம் கீச்சிட்டது. எஞ்சின் அணைந்தது. சாவியைத் திருப்பினார். திருப்பினார்.

மகள் அலறினாள். பிறகு அலறவில்லை.

சைரனும் நின்றது.

மழை மட்டும். வண்டிக்குள் மருந்து வாடை.

"ஏங்க." மனைவியின் குரல் சின்னதாகியிருந்தது. "புள்ள வந்துடுச்சுங்க. அழவே மாட்டேங்குதுங்க."

பின்னால், காலிச் சாலையில், ஒரு குழந்தை வீறிட்டது.

அவர் திரும்பவில்லை. முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் ஜன்னல்.

ஜன்னலில் அந்தக் கை.

மெதுவாகத் தட்டியது. மரியாதையாக.

"அண்ணே, கொஞ்சம் ஒதுங்குங்கண்ணே."